கதையில் வரும் முரட்டுப் பையனைப் பார்க்க யார் வருவார்கள்?

ஊட்டிப் பக்கம் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். வாரம் ஒரு நாள் ஏழாம் வகுப்புக்குக் கதை வாசிப்பதும் என் வேலைதான். (அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பள்ளிக்கூடக் கதை என்றால் அதில் ஒரு முரடன் இருப்பான். சின்னப் பிள்ளைகளை அடிப்பான், டிபன் பாக்ஸைப் பிடுங்குவான், கடைசியில் மாட்டிக்கொள்வான். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அன்றைக்கும் தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவன் மட்டும் கேட்டான்: "மிஸ், விசிட்டிங் டேக்கு அவனைப் பார்க்க யாரு வருவா?"

கதையில் அதற்குப் பதில் இல்லை.

கேட்டவனின் பெயர் ஆசிரியர் அறையில் தினமும் அடிபடும். திமிர், வளர்ப்பு சரியில்லை என்பார்கள். நான் பார்த்தது வேறு. கரும்பலகையைத் துடைக்க ஆசிரியர் கையைத் தூக்கினாலே தலையை மறைத்துக்கொள்வான். காலையில் தரும் பன்னில் பாதியை ஸ்வெட்டருக்குள் பதுக்குவான், மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கிற இடத்தில். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பாவுக்குக் குடி. அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். பாட்டி வீடு, சித்தப்பா வீடு, அப்புறம் இங்கே.

எப்போது அடி விழும் என்று தெரியாத வீட்டில் வளரும் பிள்ளையின் உடம்பு, எந்நேரமும் உஷாராக இருக்கப் பழகிவிடுகிறது. பின்னாலிருந்து யாராவது தோளில் கை வைத்தால், அது சினேகிதன் என்று தெரிவதற்குள் குத்து விழுந்திருக்கும். வீட்டில் அவனைக் காப்பாற்றிய பழக்கம்தான் வகுப்பில் அவனை முரடனாக்குகிறது.

1944-இல் ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், திருட்டுப் பழக்கம் உள்ள 44 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 14 பேர் யாரிடமும் பாசம் ஒட்டாதவர்கள். அந்த 14 பேரில் 12 பேர் சிறு வயதில் தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். அதற்காக, கஷ்டப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் முரடர்களாவதில்லை. பல பேர் அப்படியே அடங்கிப்போய்விடுவார்கள். அவர்களை யாரும் என்னிடம் அனுப்புவதில்லை. எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

அடி வாங்கிய பிள்ளையிடம் போய் "பாவம், அவனுக்கு வீட்டில் கஷ்டம்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். அடி வாங்கியவனுக்கும் வலித்திருக்கிறது. அடித்தது தப்பு என்று அடித்தவனிடம் சொல்லத்தான் வேண்டும், கை ஓங்காமல். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடம்பை மட்டுமல்ல, மனதை வதைப்பதையும் தடுக்கிறது. வீட்டிலேயே ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

கதை எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்பேன். "அவன் அப்பா குடிகாரர்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதாது. ஸ்வெட்டருக்குள் இருக்கிற அந்தப் பன்னை எழுதுங்கள்.

அந்தப் பன்னைப் பிடுங்க வேண்டாம் என்று வார்டனிடம் சொன்னேன். மூடி போட்ட டப்பா ஒன்று கொடுத்தோம். சில வாரத்தில் பதுக்குவது குறைந்தது. சண்டை அவ்வளவு சீக்கிரம் குறையவில்லை.

முரடனைப் பார்க்க யார் வந்தார்கள் என்று வகுப்பு முழுவதையும் எழுதச் சொன்னேன். நிறையப் பேர் அம்மா என்று எழுதினார்கள். அவன் எழுதியது மூன்றே வரி: "பாட்டி வந்தாங்க. வர்க்கி வாங்கிட்டு வந்தாங்க. பஸ் லேட், அதனாலதான் சாயங்காலம் ஆயிருச்சு."