கன்ட்ரோலுக்குள் கன்ட்ரோல்: டிசைனரின் கணக்கில் யார் இருக்கிறார்கள்?

நிரலின் திரையைக் கண்ணால் பார்த்தே வடிவமைக்க உதவும் விஷுவல் டிசைனரில் ஒரு பட்டனை இழுத்து ஃபார்மில் (நிரலின் சாளரத்தில்) விட்டால், அங்கே தெரிவது பட்டனின் படம் இல்லை, நிஜப் பட்டன்தான். 1991இல் வந்த விஷுவல் பேசிக் இந்த வேலைமுறையைப் பரவலாக்கியது. 1995இல் டெல்ஃபியும் 2002இல் மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்தோடு விண்டோஸ் ஃபார்ம்ஸும் அதை இன்னும் வளர்த்தெடுத்தன. டிசைனர் அந்தப் பட்டனை நினைவகத்தில் உருவாக்கி, கன்ஸ்ட்ரக்டரை (ஒரு பொருள் உருவாகும்போதே ஓடும் நிரல்பகுதியை) ஓட்டி, தன்னைத் தானே வரைந்துகொள்ளச் சொல்கிறது. மவுஸ் செய்திகளை மட்டும் நடுவில் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் கிளிக் செய்தால் பட்டன் அமுங்குவதில்லை, சுற்றிலும் கைப்பிடிகள் தோன்றுகின்றன.

விண்டோஸ் ஃபார்ம்ஸில், இப்படி உருவாக்கிய கன்ட்ரோலுக்கு (பட்டன் போன்ற திரை உறுப்புக்கு) டிசைனர் ‘சைட்’ என்ற ஒரு சின்ன பொருளைக் கொடுக்கிறது. கன்ட்ரோலின் பெயர், அது எந்தப் பட்டியலைச் சேர்ந்தது, இப்போது நடப்பது வடிவமைப்பா இயக்கமா என்ற விவரங்கள் அதில் இருக்கும். சைட் இல்லாத கன்ட்ரோல் திரையில் தெரியலாம், ஆனால் டிசைனரின் கணக்கில் அது இல்லை. கன்ட்ரோலுக்குள் கன்ட்ரோல் வைக்கும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

ஒரு பெட்டி செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேலே தலைப்புப் பட்டை, கீழே மற்ற கன்ட்ரோல்களை வைப்பதற்கான காலியான பேனல். இரண்டையும் ஒரு யூசர் கன்ட்ரோலில் (பல கன்ட்ரோல்களைச் சேர்த்து நாமே செய்யும் கன்ட்ரோலில்) வைத்துத் தொகுத்தாயிற்று. அப்புறம் அதை ஒரு ஃபார்மில் போட்டு, பேனலுக்குள் ஒரு பட்டனை விடுகிறோம். பட்டன் உள்ளே போகாது. பார்வைக்குப் பேனலின் மேல் உட்கார்ந்திருக்கும், பெட்டியை நகர்த்தினால் அது மட்டும் பின்தங்கிவிடும். பட்டனின் தாய், அதாவது அதைத் தாங்கும் கன்ட்ரோல், பேனல் அல்ல, ஃபார்ம். பேனலுக்குச் சைட் இல்லாததால் அதைப் பெற்றுக்கொள்ளும் இடமாக டிசைனர் கருதவே இல்லை.

பலரும் முதலில் செய்வது, பெட்டிக்கே ‘பேரன்ட் கன்ட்ரோல் டிசைனர்’ என்ற டிசைனர் வகுப்பை (வடிவமைப்பு நேரத்தில் ஒரு கன்ட்ரோல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் நிரலை) ஒட்டிவிடுவது. இப்போது பட்டன் உள்ளே போகும், ஆனால் பேனலுக்குள் அல்ல, பெட்டிக்குள். தலைப்புப் பட்டையின் மேலேயே போய் உட்காரவும் அதற்குத் தடையில்லை.

சரியான வழிக்கு மூன்று காரியங்கள் வேண்டும். உள்ளே இருக்கும் பேனலைப் படிக்க மட்டும் முடிகிற ஒரு ப்ராப்பர்ட்டியாக (பண்பாக) வெளியே காட்ட வேண்டும். அந்த ப்ராப்பர்ட்டிக்கு, ‘பொருளைச் சேமிக்காதே, அதன் உள்ளடக்கத்தைச் சேமி’ என்று சொல்லும் குறிப்பை இட வேண்டும். பிறகு பெட்டியின் டிசைனர் வகுப்பில் ‘எனேபிள் டிசைன் மோட்’ மெத்தடை (செயல்முறையை) அழைத்து, பேனலையும் அந்த ப்ராப்பர்ட்டியின் பெயரையும் கொடுக்க வேண்டும். அந்த அழைப்பில்தான் பேனலுக்குச் சைட் கிடைக்கிறது.

டாட்நெட்டோடு வரும், இரண்டு பேனல்கள் கொண்ட ஸ்பிளிட் கன்டெய்னரும் இதைத்தான் செய்கிறது. அதன் இடப்பக்கத்தில் ஒரு பட்டனை விட்டுப் பாருங்கள். வடிவமைப்பைச் சேமிக்க டிசைனர் கோப்பில் எழுதும் வரி ‘ஸ்பிளிட்கன்டெய்னர்1.பேனல்1.கன்ட்ரோல்ஸ்.ஆட்(பட்டன்1)’ என்று இருக்கும். பேனல்1ஐப் புதிதாக உருவாக்கும் வரி எங்குமே இருக்காது. அது தாயின் கன்ஸ்ட்ரக்டரிலேயே பிறந்துவிட்டது. கோப்புக்குத் தேவை, அதை அடைவதற்கான பாதை மட்டும். டெல்ஃபியில் லேபிளும் எழுதும் பெட்டியும் சேர்ந்த லேபிள்டு எடிட்டும் அப்படியே: ஃபார்ம் கோப்பைத் திறந்தால் உள்ளிருக்கும் லேபிளின் எழுத்து ‘எடிட்லேபிள்.கேப்ஷன்’ என்று புள்ளி வைத்து, தாயின் பண்புகளோடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும்.

பல பக்கங்களை டேப்களால் மாற்றிக் காட்டும் டேப் கன்ட்ரோல் வேறு ஜாதி. அதில் எத்தனை பக்கங்கள் என்பது தாய்க்குத் தெரியாது, வடிவமைப்பவர்தான் முடிவு செய்கிறார். ஆகவே ஒவ்வொரு பக்கமும் ஃபார்மில் தனிப் பெயரோடு பதிவாகிறது, உருவாக்கும் வரியும் கோப்பில் எழுதப்படுகிறது. இந்த மாதிரிக் காம்போனென்ட் (மறுபடி மறுபடி பயன்படுத்தும் நிரல் உறுப்பு) எழுதத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான் என்பேன்: சேயை உருவாக்குவது தாயின் கன்ஸ்ட்ரக்டரா, டிசைனர் எழுதும் கோப்பா? இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து உருவாக்கினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

உங்கள் காம்போனென்ட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது. வசதிக்காகக் கன்ஸ்ட்ரக்டரிலேயே 3 உருப்படிகளைச் சேர்த்துவிடுகிறீர்கள். ஃபார்மில் போட்டால் 3 தெரியும், டிசைனர் அந்த மூன்றையும் கோப்பில் எழுதும். மூடித் திறந்தால் கன்ஸ்ட்ரக்டர் 3 சேர்க்கும், கோப்பும் 3 சேர்க்கும், ஆக 6. எதையாவது மாற்றிச் சேமித்தால் இப்போது கோப்பில் 6. அடுத்த முறை திறக்கும்போது 9. ஃபார்மைப் பயன்படுத்துபவர் எதுவும் தப்பாகச் செய்யவில்லை, ஆனாலும் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும்.

டேப் கன்ட்ரோலை டூல்பாக்ஸிலிருந்து போட்டதும் 2 பக்கங்கள் தயாராக வருகின்றனவே, அவை ஏன் பெருகுவதில்லை? அவற்றைச் சேர்ப்பது கன்ட்ரோலின் கன்ஸ்ட்ரக்டர் அல்ல, அதன் டிசைனர் வகுப்பு. அங்கே ‘இனிஷியலைஸ் நியூ காம்போனென்ட்’ என்றொரு மெத்தட் உண்டு. புதிதாக ஒன்றை ஃபார்மில் போடும்போது மட்டுமே அது ஓடும், சேமித்த கோப்பைத் திறக்கும்போது ஓடாது. தொடக்க நிலைச் சேய்களுக்கு உரிய இடம் அதுதான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ‘பக்கம் சேர்’ என்ற கட்டளையை டிசைனர் வகுப்பில் எழுதும்போது, வழக்கமான ‘நியூ’ போட்டு ஒரு பக்கத்தை உருவாக்கித் தாயிடம் சேர்த்தால் திரையில் அழகாக வந்துவிடும். அதற்குச் சைட் இல்லாததால் சேமிக்கும் பகுதி அதைத் தாண்டிப் போய்விடும், மறுமுறை திறக்கும்போது பக்கம் இருக்காது. டிசைனரில் உள்ள பொருள்களைக் கணக்கில் வைக்கும் டிசைனர் ஹோஸ்ட்டிடம் கேட்டு அதன் ‘கிரியேட் காம்போனென்ட்’ வழியாகத்தான் உருவாக்க வேண்டும்.

சைட் இல்லாமை இன்னொரு வலியையும் தருகிறது. ‘டிசைன் மோட்’ என்ற பண்பைப் பார்த்து, வடிவமைப்பு நேரத்தில் தரவுத்தளத்தைத் தொடாமல் இருக்கும்படி ஒரு சேயை எழுதியிருப்பீர்கள். அந்தப் பண்பு சைட்டைக் கேட்டுத்தான் பதில் சொல்கிறது. யூசர் கன்ட்ரோலின் உள்ளே மாட்டிய பிறகு சேய்க்குச் சைட் கிடையாது, எனவே டிசைனருக்குள் இருந்தும் ‘இல்லை’ என்றே பதில் வரும். தரவுத்தளத்தைத் தேடிப் போய், ஃபார்ம் இருக்க வேண்டிய இடத்தில் பிழைச் செய்தி வந்து நிற்கும். கன்ஸ்ட்ரக்டரிலும் இதே கதை, அந்த நேரத்தில் சைட் இன்னும் வந்திருக்காது. அங்கே டாட்நெட்டின் ‘லைசென்ஸ் மேனேஜர்’ வகுப்பு சொல்லும் பயன்பாட்டு நிலையை (வடிவமைப்பா இயக்கமா என்பதை) பார்ப்பது உதவும். மற்ற இடங்களில், தாய்களின் சங்கிலியில் மேலே ஏறி யாருக்காவது வடிவமைப்பு நிலையில் உள்ள சைட் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மவுஸையும் கவனிக்க வேண்டும். டேப்பின் தலையில் கிளிக் செய்தால் பக்கம் மாற வேண்டும், ஆனால் டிசைனர் எல்லாக் கிளிக்கையும் பிடித்துக்கொள்கிறது. ‘கெட் ஹிட் டெஸ்ட்’ என்ற மெத்தடில், இந்தப் புள்ளியில் விழும் கிளிக்கைக் கன்ட்ரோலுக்கே விட்டுவிடு என்று சொல்லலாம்.

கடைசியாக, செய்ததைத் திரும்பப் பெறும் ‘அன்டூ’. ஒரு பக்கம் சேர்ப்பது பயனருக்கு ஒரே செயல். டிசைனருக்கு அது உருவாக்குதல், தாயிடம் சேர்த்தல், தலைப்பு எழுதுதல் என மூன்று. இவற்றை ஒரே ‘டிரான்ஸாக்ஷனுக்குள்’ கட்டி, மாற்றத்தை முன்னும் பின்னும் அறிவித்தால், ஒருமுறை கன்ட்ரோல்+இசட் அழுத்தியதும் பக்கம் முழுதாகப் போகும். கட்டாமல் விட்டால் முதல் அழுத்தலில் தலைப்பு மட்டும் மறைந்து, பெயரில்லாத பக்கம் அங்கேயே நிற்கும்.