வெரிகோஸ் வெயின் லேசர் சிகிச்சை: மருத்துவக் காப்பீட்டு விதிகள் என்ன சொல்கின்றன?

காலில் சுருண்டு புடைத்த நரம்புக்கு (வெரிகோஸ் வெயின்) இப்போது பெரும்பாலானோருக்குக் கத்தி வைக்கத் தேவையில்லை. லேசரோ ரேடியோ அலையோ கொண்டு பழுதான சிரையை (ரத்தக்குழாயை) உள்ளிருந்தே சுட்டு மூடிவிடுகிறார்கள். மருத்துவப் பசையால் ஒட்டுவதும், நுரை மருந்தை ஊசியில் ஏற்றுவதும் உண்டு. காலையில் சேர்ந்தவர் மாலையில் நடந்தே வீடு திரும்பலாம். காப்பீட்டுக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது: "24 மணி நேரம் படுக்கவில்லை, கிளெய்ம் வராது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

அப்படிச் சொல்வது சரியல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தரும் 'டே கேர்' வரையறை தெளிவானது. முன்பு 24 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டியிருந்த சிகிச்சை, தொழில்நுட்ப வளர்ச்சியால் அதற்குள் முடிந்தால், பொது மயக்கமோ அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வதோ எதுவானாலும், அது டே கேர். ஆனால் மருத்துவமனையிலோ பதிவு பெற்ற டே கேர் மையத்திலோ நடந்திருக்க வேண்டும். வழக்கமாக வெளிநோயாளியாகச் செய்வது இதில் சேராது. நுரை ஊசி மாட்டிக்கொள்வது இங்கேதான். கிளினிக் அறையில் போட்டுக்கொண்டு வந்தால் பணம் கிடைப்பது கடினம். தோலில் சிலந்தி வலை போலத் தெரியும் மெல்லிய நரம்புகளுக்கு மட்டும் சிகிச்சை என்றால், 'அழகு சிகிச்சை' விலக்கின் கீழ் (குறியீடு எக்ஸ்க்ளூஷன் 08) மறுப்பார்கள்.

அடுத்தது காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பிறகு குறிப்பிட்ட நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்காத காலம். ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியில் 'வெரிகோஸ் வெயின், வெரிகோஸ் புண்' இரண்டும் 24 மாதக் காத்திருப்புப் பட்டியலில் உள்ளன. மற்ற பாலிசிகளில் 36 மாதம் வரை வைக்கலாம், அதைத் தாண்ட முடியாது. நோய் பாலிசிக்கு முன்பே இருந்தது என்று ஆனால், இந்தக் காத்திருப்பு, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு இரண்டில் எது நீண்டதோ அதுவே பொருந்தும். பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் (போர்ட்), பழைய பாலிசியில் கழித்த மாதங்கள் கணக்கில் வரும்.

அதிகமானோர் சறுக்குவது கேஸ் ஷீட்டில், அதாவது மருத்துவமனையில் எழுதும் நோயாளிக் குறிப்பில். "எத்தனை நாளாக இருக்கிறது?" என்ற கேள்விக்குக் குத்துமதிப்பாக "பத்து வருஷம் இருக்கும்" என்று சொல்லிவிடுவோம், அந்த ஒரு வரியை வைத்தே 'முன்பே இருந்த நோய்' என்று மறுப்பு வரும். உண்மையைத்தான் சொல்ல வேண்டும், ஆனால் துல்லியமாகச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துப் பாருங்கள். விதிப்படி, பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்ததோ, ஆலோசனையோ சிகிச்சையோ சொன்னதோ, பெற்றதோதான் முன்பே இருந்த நோய். மருத்துவரிடமே போகாமல் நரம்பு தெரிந்துகொண்டிருந்தது மட்டும் அந்த வரையறைக்குள் வராது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடியிருந்தால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, தகவலை மறைத்தார் என்று கிளெய்மை எதிர்க்க முடியாது.

சிகிச்சைக்கு முன் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் அவசியம். நிற்க வைத்து எடுத்ததாக இருக்கட்டும். எந்தச் சிரை, எந்தக் கால், ரத்தம் எத்தனை நொடி பின்னோக்கி ஓடுகிறது என்று அறிக்கையில் இருக்க வேண்டும். தொடையின் உட்புறம் ஓடும் பெரிய மேற்சிரையில் 0.5 நொடிக்கு மேல் என்றால் வால்வு பழுது. மருத்துவரின் பரிந்துரையில் வீக்கம், கணுக்கால் தோல் கறுத்தது, புண் ஆகியவற்றோடு நோயின் தீவிரத்தைக் குறிக்கும் சி2 (புடைத்த நரம்பு) முதல் சி6 (ஆறாத புண்) வரையிலான நிலையும் எழுதப்பட்டால், அழகுக்காகச் செய்தது என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பில்லையும் பாருங்கள். லேசர் ஃபைபர் அல்லது ரேடியோ அலை கதீட்டர் (சிரைக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்)தான் செலவில் பெரும்பங்கு. அதை 'கிட்' என்று மொட்டையாகப் போட்டால் வெட்டிவிடுவார்கள், ஏனெனில் விவரமில்லாத கிட் எதுவும் ஆணையத்தின் கொடுக்கத் தேவையில்லாத பொருள் பட்டியலில் இருக்கிறது. பொருளின் பெயர், ஸ்டிக்கர், வாங்கிய இன்வாய்ஸ் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். க்ரேப் பேண்டேஜ் அந்தப் பட்டியலில் உள்ளது, அது கைக்காசுதான். 'நவீன சிகிச்சை' உச்சவரம்பு (சில புதிய முறைகளுக்குப் பாலிசி வைக்கும் தொகை வரம்பு) என்று தொகையைக் குறைத்தால், எந்தப் பிரிவின் கீழ் என்று கேளுங்கள். 2019இல் ஆணையம் வரிசைப்படுத்திய 12 நவீன முறைகளில் வெரிகோஸ் லேசர் இல்லை.

ஆரோக்ய சஞ்சீவனியில் திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும். கேஷ்லெஸ் (நாம் பணம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்குச் செலுத்தும்) கோரிக்கையை 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்ய வேண்டும் என்பது 2024 மே மாதச் சுற்றறிக்கை.

மறுத்தால் பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரியான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.