அப்ஸ்ட்ராக்ட் அனிமேஷன்: தமிழில் அருவ அசைவூட்டம்

மனிதர், மிருகம், மரம், வீடு என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இல்லாமல், கோடு, வட்டம், சதுரம், நிறம் ஆகியவற்றின் அசைவை மட்டும் வைத்து உருவாக்கிய படங்களுக்கு அப்ஸ்ட்ராக்ட் அனிமேஷன் என்று பெயர். கதை கிடையாது, கதாபாத்திரமும் கிடையாது. ஹான்ஸ் ரிக்டர் 1920களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எடுத்த ‘ரிதம் 21’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைச் சதுரம் வளரும், சுருங்கும், ஓரமாக ஒதுங்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு செவ்வகம் நீண்டு வரும். மொத்தமே சில நிமிடங்கள்தான். ‘இதில் என்ன சொல்ல வருகிறார்?’ என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் எந்த இடத்தில் வேகம் கூடியது, எந்த இடத்தில் தளர்ந்தது என்பதைக் கண் நன்றாகப் பிடித்து வைத்திருக்கும்.

இதற்குத் தமிழில் நான் பயன்படுத்தும் சொல் அருவ அசைவூட்டம். இரண்டு பாதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அனிமேஷனின் வேர் லத்தீனில் உள்ள ‘அனிமா’. மூச்சு, உயிர் என்று பொருள். அனிமல் என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து கிளைத்ததுதான். அதனால் உயிரூட்டம் என்று நேராகவே தமிழாக்கியவர்கள் உண்டு. பூனையும் எலியும் துரத்தி விளையாடும் படத்துக்கு அது அழகாகப் பொருந்தும். வெறும் சதுரத்துக்குப் பொருந்தாது. சதுரத்தை யாரும் உயிருள்ளது என்று நம்பவைக்க முயலவில்லை, அது நகரும் விதத்தைத்தான் காட்டுகிறார்கள். அந்தக் கால ஜெர்மானியர்களும் இந்த வகைக் கலைக்கு ‘ட்ரிக்ஃபிலிம்’, அதாவது தந்திரப்படம் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். உயிரைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. அசைவூட்டம் இதைவிட அடக்கமான சொல், உள்ளதை உள்ளபடி சொல்கிறது. இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு அது பிடிக்கும். நேரசை, நிரையசை என்று பள்ளியில் படித்தோமே, யாப்பில் அசை என்பது ஓசையை அளக்கும் அலகு. தம் படங்களுக்கு ரிதம் என்றே பெயர் வைத்தவர்களின் கலையைக் குறிக்கும் சொல்லில் அந்த ஒலி இருப்பது எவ்வளவு பொருத்தம்!

அப்ஸ்ட்ராக்ட் கொஞ்சம் சிக்கலான சொல். லத்தீனில் ‘ட்ராஹெரே’ என்றால் இழுத்தல். டிராக்டரில் இருப்பதும் அதே இழுத்தல்தான். ஒன்றிலிருந்து விலக்கி இழுத்து எடுத்தது அப்ஸ்ட்ராக்ட். ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்கத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான். ஓவியத்தில், ஒரு மரத்தைப் பார்த்து அதன் இலை, பட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சரியான பொருளில் அப்ஸ்ட்ராக்ட். ஆனால் ரிக்டரின் சதுரம் எதிலிருந்தும் இழுத்து எடுத்ததல்ல. தொடக்கத்திலிருந்தே அது சதுரம்தான். இந்த வேறுபாட்டை உணர்ந்த ஜெர்மானியர்கள் ‘கெகன்ஷ்டாண்ட்ஸ்லோஸ்’ என்றும் ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். பொருளற்றது, அதாவது எந்த வெளிப்பொருளையும் காட்டாதது என்று அர்த்தம்.

தமிழ்க் கலை விமர்சனத்தில் அரூப ஓவியம், அருவ ஓவியம் என்ற இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. அருவம் என்றால் உருவமில்லாதது என்பது அகராதிப் பொருள். அப்படியானால் வட்டமும் சதுரமும் உருவம்தானே என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. சைவ சித்தாந்தம் இறைவனின் நிலைகளை உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. முகமும் கைகளும் உள்ள திருமேனி உருவம். கண்ணுக்கு எட்டாதது அருவம். லிங்கம் அருவுருவம்: கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இன்ன அவயவம் என்று சுட்ட முடியாது. துல்லியம் என்று பார்த்தால் இந்தப் படங்கள் அருவுருவத்தில்தான் வந்து நிற்கும். ஆனாலும் அந்தச் சொல்லைச் சமயத்துக்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கலையில் அருவம் என்று எழுதும்போது ‘வெளிப்பொருளின் உருவம் இல்லாதது’ என்று புரிந்துகொள்ளும் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது, அது போதும்.

இந்தக் கலையைத் தொடங்கியவர்கள் தாங்களே விரும்பி வைத்துக்கொண்ட பெயர் வேறு. 1925 மே 3 அன்று பெர்லினில் ஒரு பகல் காட்சி நடந்தது. அதன் தலைப்பு ‘டெர் அப்ஸோலூட்டெ ஃபில்ம்’. ரிக்டர், வால்டர் ருட்மான், ஸ்வீடன்காரர் விக்கிங் எகெலிங் ஆகியோரின் படங்கள் அதில் ஓடின. எகெலிங்கின் ‘மூலைவிட்ட சிம்ஃபனி’ அன்று காட்டப்பட்டது. சீப்புப் பற்கள் போன்ற கோடுகளும் வளைவுகளும் கறுப்பில் ஒவ்வொன்றாக முளைத்து மறையும் படம் அது. அந்தக் காட்சி நடந்து 16 நாட்களில் எகெலிங் இறந்துபோனார்.

அப்ஸோலூட் என்ற சொல் இசையிலிருந்து வந்தது. பாட்டு வரி, கதை, காட்சி எதையும் சாராமல் தானாகவே நிற்கும் இசையை ஐரோப்பாவில் அப்ஸோலூட் இசை என்பார்கள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒருவர் அரை மணி நேரம் தோடி ஆலாபனை செய்கிறார். அதில் வார்த்தை இல்லை, ஆனால் ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று சபையில் யாரும் கேட்பதில்லை. அதே உரிமையைக் கண்ணுக்கும் வாங்கித் தர வேண்டும் என்பதே அந்த இளைஞர்களின் ஆசை. லத்தீனில் அந்தச் சொல்லின் வேருக்குக் கட்டவிழ்த்தல் என்று பொருள். அதனால் இதைச் சார்பிலாத் திரைப்படம் என்று சொல்லலாம்.

ஊற்று எங்கே என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இசைதான். ருட்மான் ஓவியர், செல்லோ வாசிப்பவரும்கூட. 1921இல் வெளியான அவருடைய முதல் படத்துக்கு இசைக்கோவைகளுக்கு இடுவதுபோல ‘ஓபஸ் 1’ என்று பெயர் வைத்தார். மாக்ஸ் புட்டிங் அதற்கென்றே தந்தி வாத்திய இசை எழுதிக் கொடுத்தார். ஃபிராங்க்ஃபர்ட்டில் அதைப் பார்த்த விமர்சகர் பெர்ன்ஹார்ட் டீபோல்ட் ‘ஆவ்கென்முசிக்’ என்று எழுதினார். கண்ணிசை! இதைவிட எளிமையாக இந்தக் கலையை யாரும் சொன்னதில்லை. ரிக்டருக்கு வழி காட்டியவர் இசையமைப்பாளர் புசோனி. ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் (Bach) படைப்புகளில் ஒரு குரலுக்கு எதிர்க்குரல் எப்படி நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். கறுப்புக்கு எதிரே வெள்ளை வந்து நிற்பது அங்கே கற்ற பாடம்தான்.

இரண்டாவது ஊற்று சென்னை அடையாறு வரைக்கும் வருகிறது. அடையாறில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து எழுதிய ‘எண்ண வடிவங்கள்’ என்ற ஆங்கில நூல் 1905இல் லண்டனில் வெளியானது. கோபம், அன்பு, பயம் ஆகியவை இன்ன நிறத்தில் இன்ன வடிவத்தில் இருக்கும் என்று வண்ணப் படங்களோடு சொல்லும் நூல். கடைசியில் மூன்று படங்கள் உண்டு: தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும்போது மெண்டல்சன், கூனோ, வாக்னர் ஆகியோரின் இசை, கூரைக்கு மேலே வண்ண வடிவமாக எழுவதைப் போல வரைந்தவை. அந்தக் கருத்துகளை நம்புவதும் நம்பாததும் வேறு விஷயம். பொருளைக் காட்டாத ஓவியத்தை ஐரோப்பியக் கலைஞர்கள் துணிந்து செய்வதற்கு அந்தப் பக்கங்கள் ஒரு கதவைத் திறந்துவிட்டன. ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி அதன் ஜெர்மன் பதிப்பை வைத்திருந்தார். இத்தாலியில் அர்னால்தோ ஜின்னா, புரூனோ கோர்ரா என்ற சகோதரர்கள் பிரம்மஞானிகளின் எழுத்தைப் படித்தவர்கள். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் படச்சுருளின் மேலேயே வண்ணம் தீட்டிப் பார்த்தார்கள். அந்தச் சுருள்கள் இன்று இல்லை. நமக்கு மிஞ்சியிருப்பது 1912இல் கோர்ரா எழுதிய கட்டுரைதான்.

1909இல் அடையாறு கடற்கரையில் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியைக் கண்டெடுத்தவர் இதே லெட்பீட்டர். பிறகு கிருஷ்ணமூர்த்தி சபையை விட்டு விலகினார். கலிஃபோர்னியாவின் ஓஹாய் அவருடைய வாழ்விடங்களில் ஒன்றாக இருந்தது. அவருடைய சிந்தனையில் ஈடுபாடு கொண்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் விட்னி என்ற அருவப்படக் கலைஞர். விட்னி 1957இல் முடித்த படத்தின் பெயர் ‘யந்த்ரா’. நம் யந்திரம்தான். சிறிய அட்டைகளில் ஊசியால் துளையிட்டு, அந்தத் துளைகள் வழியாக வண்ணத்தை வேறு அட்டைகளில் இறக்கிப் புள்ளி புள்ளியாக உருவாக்கினார். அதற்கே பல ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது ஊற்று, கையிலுள்ள பொருள். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆஸ்கர் ஃபிஷிங்கர் இளம் வயதில் ஆர்கன் செய்யும் பட்டறையில் தொழில் பழகியவர். வண்ண மெழுகைப் பிசைந்து கட்டியாக்கி, அதை மெல்லிய சீவலாகச் சீவும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். கத்தி ஒரு சுற்று சுற்றும்போது கேமரா ஒரு சட்டம் (ஃபிரேம்) பதியும். கட்டிக்குள் மறைந்திருக்கும் நிறங்கள் சீவச் சீவ விரிந்து, சுழன்று, கரைந்துபோவது திரையில் தெரியும். அப்புறம் வெள்ளைத் தாளில் கரித்துண்டால் ஆயிரக்கணக்கில் வரைந்து, நெகட்டிவாகக் காட்டி, கறுப்பில் வெள்ளைக் கோடுகளை இசைக்கு ஆடவிட்டார். 1936இல் ஹாலிவுட் போனார். டிஸ்னியின் ‘ஃபேண்டசியா’வில் பாஹின் இசை வரும் பகுதிக்கு அவர் வரைந்தவற்றை மாற்றி, அடையாளம் தெரியும்படியான வடிவங்களைச் சேர்த்தார்கள். அவர் விலகிக்கொண்டார். 1947இல் முடித்த ‘மோஷன் பெயின்டிங் 1’ அவருடைய தனிச் சாதனை. கண்ணாடி போன்ற பிளெக்ஸிகிளாஸ் மேல் எண்ணெய் வண்ணத்தால் ஒரு தீற்றல், உடனே ஒரு சட்டம் பதிவு. மறுபடி ஒரு தீற்றல். பதினோரு நிமிடப் படம் முழுக்க இப்படியே வளர்கிறது.

நியூசிலாந்தில் பிறந்த லென் லை கேமராவையே விட்டுவிட்டார். 1935இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் படப் பிரிவுக்காக அவர் செய்த ‘எ கலர் பாக்ஸ்’ சுருளிலேயே தீட்டியது. முடிவில் பார்சல் கட்டண விளம்பரம் வரும். இந்த முறையை நேரடி அசைவூட்டம் என்று சொன்னால் தெளிவாக இருக்கும்.

எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பொதுப் பெயர் அருவ அசைவூட்டம். 1920களின் ஜெர்மன் முயற்சிகளை மட்டும் குறிக்க, சார்பிலாத் திரைப்படம். இசையோடு பிணைந்தவற்றுக்கு, எந்தக் காலத்தவையானாலும், கண்ணிசை. செய்பவரை அசைவூட்டுநர் என்றே எழுதலாம். ‘கிராஃபிக்ஸ் படம்’ என்று மட்டும் வேண்டாம். கணினி வருவதற்குப் பல காலம் முன்பே மெழுகையும் கரியையும் வைத்து இவற்றைச் செய்துவிட்டார்கள்.