பிழையைக் காட்டிக்கொடுக்கும் கடைசி இலக்கம்

செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா, தோட்டத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டு சயாம்–பர்மா மரண ரயில் பாதையில் வேலை செய்தவர். 1943 அக்டோபரில் போட்டு முடிக்கப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைக்கு, வீட்டிலிருந்த பழைய நூலொன்றை ஆதாரமாகச் சேர்க்க அவர் முயன்றபோது, நூலுக்குரிய அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் தவறு என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்ததாம். நூலையே அறியாத கணினிக்கு எண் தவறென்று எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்.

கணினி நூலை அறிய வேண்டியதில்லை. ஐஎஸ்பிஎன்னின் 13 இலக்கங்களில் கடைசி இலக்கம், முன்னுள்ள 12 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுகிறது. இலக்கங்களை வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் 10இன் மடங்கு வர வேண்டும். மலேசிய நூல்களுக்குரிய 978-967இல் தொடங்கி, எடுத்துக்காட்டுக்காக 978967123456 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 137, ஆகவே கடைசி இலக்கம் 3.

ஏன் 3ஆல் பெருக்க வேண்டும்? 2ஆல் பெருக்கினால் 1க்கு 2, 6க்கு 12 என்று இரண்டுமே 2இல் முடியும். 1ஐ 6 என்று எழுதிய பிழை மறைந்துவிடும். 3இன் வாய்பாட்டில் 0, 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7 என்று பத்து முடிவுகளும் வெவ்வேறாக வருவதால், ஓர் இலக்கம் பிசகினாலும் கணக்கு இடறும். ஆயினும் ஓர் ஓட்டை உண்டு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், கூட்டுத்தொகை அவற்றின் வித்தியாசத்தைப் போல் இருமடங்கு மாறும். வித்தியாசம் 5 என்றால் மாற்றம் சரியாக 10, அதனால் 16ஐ 61 என்று எழுதினாலும் பிழை தெரியாது.

பழைய 10 இலக்க முறையில் இந்த ஓட்டை இல்லை என்பதே எனக்குப் பெருவியப்பு. அதில் 10 முதல் 1 வரை இறங்குவரிசையில் பெருக்கி, 11இன் மடங்கு வருகிறதா என்று பார்ப்பார்கள். இடம்மாற்றத்தால் வரும் வேறுபாடு, 11ஐவிடச் சிறிய இரண்டு எண்களின் பெருக்கல். 11 பகா எண் ஆதலால் அந்தப் பெருக்கலை ஒருபோதும் மீதியின்றி வகுக்காது. சில நூல்களில் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து நிற்பதும் 11ஆல் கணக்கிடுவதால்தான்; அங்கே அது 10ஐக் குறிக்கும்.

இந்தக் கடைசி இலக்கம், எண் சரியாக எழுதப்பட்டதா என்று மட்டுமே சொல்லும். நூலில் உள்ளது உண்மையா என்பதற்கு ஆய்வாளர்களே வேண்டும். மரண ரயிலிலிருந்து மீண்டவர்களின் வாய்மொழிகளைத் திரட்டிச் சரிபார்த்து நூலாக்க நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் எண்ணைப் பார்த்தேன். 2007 சனவரி முதல், கடைப் பொருள்களின் பட்டைக்குறியீட்டு முறையோடு ஒத்துப்போகும்படி ஐஎஸ்பிஎன் 13 இலக்கமானது. அவருடைய நூல் அதற்கு முந்தியது. அவர் முன்னால் 978 சேர்த்துவிட்டு, 11ஆல் கணக்கிட்ட பழைய கடைசி இலக்கத்தை அப்படியே விட்டிருக்கிறார். புதிய முறைப்படி அந்த ஓர் இலக்கத்தை மாற்றினால் எச்சரிக்கை மறைந்துவிடும்.