எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? முதலில் நெக்கைப் பாருங்கள்

கடையில் இரண்டு கிட்டாரை மாற்றி மாற்றி வாசித்துவிட்டு, "இது கைக்கு லேசா இருக்கு, அது விரலைக் கடிக்குது" என்று முடிவெடுத்தவர்கள் பலர் என் பட்டறைக்கு வருகிறார்கள். அவர்கள் உணர்ந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி செட்டப் வித்தியாசம், அதாவது ஸ்ட்ரிங் உயரம் போன்றவற்றைச் சரிசெய்து வைத்திருப்பதில் உள்ள வித்தியாசம். ஒன்றில் ஸ்ட்ரிங் உயரம் சரியாக இருந்திருக்கும், இன்னொன்று பெட்டியிலிருந்து எடுத்தபடியே சுவரில் தொங்கியிருக்கும். பாடியில் உள்ள பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடிலை இறக்கி, நெக்குக்குள் (விரல்கள் ஓடும் நீண்ட கழுத்துக்குள்) அதன் வளைவைச் சரிசெய்ய இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்று திருப்பி, நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங் அமரும் நட்டின் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழப்படுத்தினால் அந்த "கடினமான" கிட்டார் ஒரே நாளில் மாறிவிடும். அதற்கு ஆகும் கூலி கிட்டார் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆகவே ஆக்ஷன் (ஸ்ட்ரிங் உயரம்) கூடுதலாக இருக்கிறது என்பதற்காக ஒரு நல்ல கிட்டாரை விட்டுவிடாதீர்கள்.

மாற்ற முடியாதவற்றைப் பாருங்கள். முதலாவது ஸ்கேல் நீளம், அதாவது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே ஸ்ட்ரிங் அதிரும் தூரம். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு அது 25.5 அங்குலம். 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பாலுக்கு 24.75. முக்கால் அங்குலம்தான் என்று தோன்றும். ஆனால் ஒரே தடிமன் ஸ்ட்ரிங்கைப் போட்டால் லெஸ் பாலில் இழுவிசை குறைவு, பெண்ட் செய்வது (ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளி சுரத்தை உயர்த்துவது) எளிது, ஃப்ரெட்டுகளும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) சற்று நெருக்கம். சிறிய கை உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். மறுபக்கம், லெஸ் பால் பெரும்பாலும் நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் மேடையில் நிற்பவர் அதையும் யோசிக்க வேண்டும். நெக்கின் தடிமன், ஃப்ரெட்போர்டின் (ஃப்ரெட்டுகள் பதிந்த பலகையின்) வளைவு இவையெல்லாம் கை பழக்கம். உட்கார்ந்து வாசித்தது போதாது, நின்றும் வாசித்துப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் நான் செய்யும் முதல் சோதனை இதுதான். தடித்த ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், பாடியோடு நெக் சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்துங்கள். ஏழு, எட்டாம் ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன். அதிகமாக இருந்தாலும் பயமில்லை, ட்ரஸ் ராட் வேலை செய்தால் போதும். விற்பவரை வைத்துக்கொண்டே அதைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே முழுக்க இறுக்கியிருந்து இனி திரும்பாது என்றால், என்ன விலை சொன்னாலும் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் ஸ்ட்ரிங் அறுத்த பள்ளம் எவ்வளவு என்று பாருங்கள். லேசான பள்ளத்தை லெவல் செய்துவிடலாம். ஆழமானால் ஃப்ரெட்டையே மாற்ற வேண்டும். லாக்கர் பூசிய மேப்பிள் போர்டிலோ, ஓரத்தில் பைண்டிங் (ஒட்டிய மெல்லிய பட்டை) உள்ள போர்டிலோ அந்த வேலைக்குக் கூலி இன்னும் ஏறும்.

சென்னை போன்ற கடலோர ஊரில் சேடில் ஸ்க்ரூ துருப்பிடித்திருப்பதும், வால்யூம் திருப்பும்போது கரகரப்பதும் சகஜம். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள், அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஹெட்ஸ்டாக், அதாவது ட்யூன் செய்யும் திருகுகள் உள்ள நெக்கின் தலைப்பகுதி, அதன் கதை வேறு. சில நாள் முன்னால் ஒரு கல்லூரி மாணவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லெஸ் பால் வகை கிட்டாரோடு வந்தார். "அண்ணா, ட்யூன் பண்ணா அஞ்சு நிமிஷத்துல இறங்கிடுது." நட்டுக்குப் பின்புறம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். பெயின்டுக்கு அடியில் முடி அளவுக்கு ஒரு கோடு. ஹெட்ஸ்டாக்கை விரலால் லேசாக அழுத்தினால் அது திறந்து மூடியது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வகை கிட்டாரில் ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ட்ரஸ் ராடைத் திருப்பும் உலோக நட்டுக்கான குழியும் அதே இடத்தில்தான், மரம் மெலிந்த இடத்தில். ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை சரிந்தால் போதும். ஃபெண்டர் பாணி ஹெட்ஸ்டாக் நெக்கோடு நேராகப் போவதால் இந்த ஆபத்து மிகவும் குறைவு. நெக்கும் ஸ்க்ரூவில் நிற்பதுதான், தேவைப்பட்டால் நெக்கையே மாற்றலாம். சரியாக ஒட்டிய ஹெட்ஸ்டாக் வாசிப்பைக் கெடுக்காது, ஆனால் விற்கும்போது விலையைப் பலமாக இறக்கிவிடும். எனவே லெஸ் பால் வாங்குபவர் ஹார்ட் கேஸையும் சேர்த்து வாங்குவது நல்லது.

மறுவிற்பனை என்று வந்தால், பெரிய அடி விழுவது புதிய கிட்டார் கடையை விட்டு வெளியே வரும் அன்றுதான். அந்த அடியை வேறொருவர் வாங்கிய பிறகு, நல்ல நிலையில் உள்ளதை நீங்கள் வாங்கினால் பிறகு அதிகம் இழக்க மாட்டீர்கள். ஸ்குவையர், எபிஃபோன், யமஹா பசிஃபிகா போன்றவற்றைத் தேடி வருபவர்கள் எப்போதும் உண்டு, அதனால் சீக்கிரம் கைமாறும். பெயர் தெரியாத பிராண்ட் எவ்வளவு அருமையாக வாசித்தாலும் வாங்குபவரிடம் ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்கைப் பூட்டிவைத்து, கைப்பிடியால் சுரத்தை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) உள்ளவை, இடக்கை கிட்டார்கள் இவற்றுக்கு ஆள் குறைவு, பொறுமை வேண்டும். ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட்டா இல்லையா என்று பலர் மல்லுக்கு நிற்கிறார்கள். 2017-இல் ரோஸ்வுட் வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தபோது ஃபெண்டர் தன் மெக்ஸிகோ கிட்டார்களில் பாவ் ஃபெர்ரோ மரத்துக்கு மாறியது. 2019-இல் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அந்தக் காலத்து கிட்டார்களில் பலவற்றை நான் செட்டப் செய்திருக்கிறேன். மரத்தை மட்டும் பார்த்து அவற்றை ஒதுக்குவது வீண்.

கிப்சன் என்று மலிவாக வந்தால் ஹெட்ஸ்டாக்கில் ட்ரஸ் ராட் மூடியைப் பாருங்கள். அசலில் அதற்கு இரண்டு ஸ்க்ரூ. மூன்று இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். ஆனால் இரண்டு இருப்பதாலேயே அசல் என்றும் நம்பிவிட வேண்டாம். சீரியல் நம்பரை மட்டும் வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது.

கடைசியாக ஒன்று. பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்), ட்யூனர் (ட்யூன் செய்யும் திருகு) மாற்ற ஆசை வந்தால் தாராளமாக மாற்றுங்கள், ஆனால் புதிதாகத் துளை போடாமல் பொருந்துவதாகத் தேர்ந்தெடுங்கள். பாடியில் மரத்தைக் குடைந்த கிட்டாருக்கும் மறுபடி பெயின்ட் அடித்த கிட்டாருக்கும் விலை பேசும்போதே முகம் சுளிப்பார்கள். கழற்றிய அசல் பாகங்களை, அந்தச் சின்ன ஸ்க்ரூக்கள் உட்பட, ஒரு கவரில் போட்டு மாடல் பெயர் எழுதி கேஸுக்குள்ளேயே வையுங்கள். பில்லும் அதிலேயே இருக்கட்டும். விற்கும் வாரத்தில் அசல் பிக்கப்பைத் திரும்பப் பொருத்திவிட்டு, நீங்கள் போட்டதைத் தனியாக விற்கலாம். இரண்டும் சேர்ந்து வரும் தொகை, மாற்றிய நிலையிலேயே விற்பதைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.