சொல் விளக்கம்: அனாட்டமி – உடற்கூறு

ஓநாயை உள்ளது உள்ளபடி வரைய முயல்பவர்கள் அடிக்கடி கேட்கும் விமர்சனம், 'அனாட்டமி சரியில்லை' என்பது. கேட்பவருக்குக் கால் நீண்டுவிட்டதா, தலை சிறுத்துவிட்டதா என்று ஒன்றும் விளங்காது. படம் பார்க்க அழகாகக்கூட இருக்கும், ஆனால் அந்த விலங்கு எழுந்து நடக்காது. அந்தக் குறையைச் சுட்டத்தான் இந்தச் சொல்.

அனாட்டமியின் பிறப்பிடம் கிரேக்கம். 'அனா' என்றால் மேலே, முழுக்க. 'தோமே' என்றால் வெட்டு. இரண்டும் சேர்ந்து 'அனதோமே', அதாவது அறுத்துத் திறத்தல். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அறுக்கும் செயலுக்குப் பெயராக இருந்தது, பிறகு அதனால் கிடைத்த அறிவுக்கும், கடைசியில் உடலின் உள்ளமைப்புக்கும் பெயராகிவிட்டது. 'அதோமோஸ்', அதாவது வெட்ட முடியாதது என்று கிரேக்கர் அணுவைச் சொன்னதும் இதே வேரிலிருந்துதான். சி.டி. ஸ்கேனில் வரும் 'டி'யும் அப்படியே. உடலைச் சீவல் சீவலாகப் படம்பிடிக்கும் 'டோமோகிராபி' அது.

தமிழில் இதற்கு ஈடாக நிற்பது 'கூறு'. கூறு போடுதல் என்றால் பிரித்தல், கூறு என்றால் பிரிந்த பகுதி. பழந்தமிழகத்தில் நாட்டின் உட்பிரிவுக்குக் 'கூற்றம்' என்று பெயர். மிழலைக் கூற்றமும் முத்தூற்றுக் கூற்றமும் புறநானூற்றிலேயே வருகின்றன. 'உடற்கூறு' என்ற சேர்க்கையும் நேற்று உருவாக்கியது இல்லை. கருவாகிப் பிறந்து, வளர்ந்து, மூப்படைந்து, சுடலையில் முடியும் வரை உடலின் கதையைச் சொல்லும் 'உடற்கூற்று வண்ணம்' பட்டினத்தார் பெயரில் வழங்குகிறது. அங்கே அறுத்துப் பார்க்கும் பேச்சு இல்லை, உடலின் இயல்பு என்பதே பொருள். அறிவியல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது கிரேக்க மூலத்தின் வெட்டும் பொருளும் அதற்குள் தானாகவே பொருந்திவிட்டது. மொழிபெயர்ப்பில் இப்படி அமைவது அரிது.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு, ஆற்று ஆவதுபோல் 'கூறு', 'கூற்று' ஆகும் என்பதால் 'உடற்கூற்றியல்' என்றும் எழுதுகிறார்கள். 'உடற்கூறியல்' வாய்க்கு எளிது, பரவலாக வழங்குவதும் அதுதான். இரண்டும் சரி. பிணப் பரிசோதனையை 'உடற்கூராய்வு' என்று எழுதுவதுதான் சரியில்லை. உடல், கூறு, ஆய்வு மூன்றும் சேர்ந்தால் உடற்கூறாய்வு. வல்லின 'று' போனால் சொல்லின் உயிரே போய்விடுகிறது.

சரி, 'உடலமைப்பு' என்று எழுதினால் போதாதா? பேச்சுக்குப் போதும். ஆனால் வரைபவருக்கு இரண்டும் வேறு. ஒல்லியா, பருமனா, கால் உயரமா, தலை எவ்வளவு பெரிது என்பதெல்லாம் உடலமைப்பு. எந்த எலும்பு எதோடு சேர்கிறது, எந்த மூட்டு எந்தப் பக்கம் மடியும் என்பது உடற்கூறு. முன்னதைப் புகைப்படம் பார்த்தே பிடித்துவிடலாம். பின்னதைத் தெரிந்துதான் வரைய வேண்டும், ஏனென்றால் ஓநாயின் மூட்டுகளில் முக்கால்வாசி ரோமத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

பின்னங்காலையே பாருங்கள். காலின் நடுவில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு ஒரு மூட்டு தெரியும். அதை முழங்கால் என்று நினைத்து, ஓநாய்க்கு முழங்கால் பின்னோக்கி மடியும் என்று முடிவுகட்டி வரைபவர்கள் ஏராளம். அது குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது, நம்முடையதைப் போலவே முன்னோக்கி நிற்கிறது. குதிகாலுக்குக் கீழே தரை வரை போகும் அந்த ஒல்லியான பகுதி முழுவதும் பாதம். ஓநாய் எப்போதும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு விரல்களில் நடக்கும் விலங்கு. 'டிஜிடிகிரேட்' என்ற சொல்லுக்கும் லத்தீனில் விரலால் நடப்பது என்றே பொருள். தமிழில் 'விரல்நடை' என்று அழகாகச் சொல்லலாம். கரடியும் மனிதரும் உள்ளங்கால் நடை, குதிரை குளம்பு நடை. முன்னங்காலிலும் இதே கதை. பாதிக் காலில் முட்டிபோலத் தெரிவது மணிக்கட்டு, முழங்கை நெஞ்சின் அடிவிளிம்பை ஒட்டி இருக்கிறது. மனித எலும்புக்கூட்டையும் பறவையின் எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இன்ன எலும்புக்கு இன்ன எலும்பு என்று பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் பெலோன் 1555இலேயே காட்டினார். அந்த ஒப்பீட்டை ஓநாய்க்கும் செய்து பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆனால் தோளில் மட்டும் நம் உடம்பை நம்பக் கூடாது. நமக்குக் காறையெலும்பு தோளை நெஞ்செலும்போடு பூட்டி வைத்திருக்கிறது. ஓநாய்க்கு அந்தப் பூட்டு இல்லை, எச்சமாக ஒரு துணுக்கு இருந்தால் உண்டு. தோள்பட்டை எலும்பு தசைகளால் மட்டுமே உடலோடு பிணைந்திருக்கிறது, நடக்கும்போது முன்னும் பின்னும் வழுக்கிப் போகிறது. இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே உடல் ஊஞ்சல்போலத் தொங்குகிறது என்றே சொல்லலாம். தலையைத் தாழ்த்திப் பதுங்கிவரும் ஓநாயின் தோள்முனைகள் முதுகுக்கோட்டுக்கு மேலே எழுந்து தெரிவது இதனால்தான். நெஞ்சும் அகலமானதில்லை. குறுகி ஆழமாக இறங்குகிறது, முழங்கைகள் உள்வாங்கி, முன்பாதங்கள் சற்றே வெளியே திரும்பி நிற்கும். முன்னிருந்து வரையும்போது கட்டுடல் காட்ட வேண்டுமென்று நெஞ்சை விரித்தால் அது ஓநாயாக இருக்காது.

கழுத்தெலும்புகள் 7, நமக்கு உள்ளதே. பற்கள் 42. கண்மணி வட்டமானது, நரிக்கு இருப்பதுபோல் செங்குத்துக் கீற்று இல்லை. வால் பெரும்பாலும் நேராகத் தொங்கும், சுருளாது. முன்பாதத்தில் தரையில் பதியும் 4 விரல்களும், உட்பக்கம் மேலே தரை தொடாத ஒன்றும் உண்டு. பின்பாதத்தில் 4 மட்டும்.

'ஆர்டிஸ்டிக் அனாட்டமி' என்பதற்கு 'ஓவிய உடற்கூறு' என்றே எழுதலாம். 'இயல்' தேவையில்லை, அது படிப்பின் பெயர். வரைபவருக்கு வேண்டியது படிப்பின் முழுப் பரப்பு இல்லை, தோலுக்கு வெளியே ஏதாவது ஒரு விதத்தில் தெரியும் கூறுகள் மட்டும். குளிர்கால ஓநாயின் கழுத்திலும் தோளிலும் ரோமம் அடர்ந்து எலும்பை மூடிவிடும். முகவாயிலும், மணிக்கட்டுக்கும் குதிகாலுக்கும் கீழேயும் ரோமம் குட்டையாக இருப்பதால் எலும்பும் தசைநாணும் அப்படியே தெரியும். வரையத் தொடங்க அந்த இடங்களே வசதி.