வெளிநாட்டு அரசுப் பணம் வாங்கும் இஸ்ரேலிய அமைப்புகள்: சட்டம் என்ன கேட்கிறது?

பெத்செலெம், பிரேக்கிங் தி சைலன்ஸ் போன்ற இஸ்ரேலிய உரிமை அமைப்புகளுக்கு ஐரோப்பிய அரசுகள் பணம் கொடுப்பது ரகசியமல்ல. அந்தப் பணத்தை வாங்கக் கூடாது என்று இஸ்ரேலின் 2011 சட்டம் சொல்லவில்லை. வாங்கினால் கணக்குக் காட்டு என்கிறது, அவ்வளவுதான்.

காலாண்டு முடிந்த ஒரு வாரத்துக்குள் தொண்டு அமைப்புகளின் பதிவாளருக்கு அறிக்கை போக வேண்டும். கொடுத்தது யார், எவ்வளவு, எதற்கு, என்ன நிபந்தனையில் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். பதிவாளரின் தளத்திலும் அமைப்பின் தளத்திலும் அதைப் பார்க்கலாம். கொடுப்பவர் நேரடியாக அரசாக இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் கணக்கில் வரும். பாதிக்கு மேல் அரசுப் பணத்தில் இயங்கும் அறக்கட்டளை கொடுத்தாலும் அது அரசுப் பணம்தான்.

2016 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றமான கினெசெட் 57க்கு 48 என்ற வாக்கில் இதை இறுக்கியது. நிதியில் பாதிக்கு மேல் வெளிநாட்டு அரசுகளிடமிருந்து வந்தால், பொதுமக்களுக்கான வெளியீடுகளிலும் அதிகாரிகளுக்கு எழுதும் கடிதங்களிலும் அதைக் குறிப்பிட வேண்டும். கினெசெட் குழுக் கூட்டத்துக்குப் போனால் அந்தக் குழுவின் தலைவரிடம் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் 29,200 ஷெக்கல்.

தொகையைச் சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஓரிடத்தில். ஐரோப்பிய ஆணையத்தின் நிதி வெளிப்படைத்தன்மைத் தளம், ஒப்புக்கொண்ட தொகை முழுவதையும் ஒரே ஆண்டில் காட்டும். இஸ்ரேலிய அறிக்கையில் கைக்கு வந்த பணம் மட்டும் இருக்கும். மூன்றாண்டுத் திட்டத்துக்கு 3 லட்சம் யூரோ என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரே வரியில் 3 லட்சம், இங்கே பல காலாண்டுகளில் தவணை தவணையாக. இரண்டையும் கூட்டினால் அதே பணம் இருமுறை எண்ணப்படும். பல அமைப்புகள் சேர்ந்து வாங்கும் மானியத்தில், தலைமை அமைப்பின் பெயருக்கு நேரே உள்ள தொகை முழுவதும் அதன் செலவுக்கே என்று நினைப்பதும் தவறு. கூட்டாளிகளின் பங்கைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் பெரிய ஓட்டை தனியார் பணம். 2016இல் நீதி அமைச்சகம் பட்டியலிட்ட 27 அமைப்புகளில் 25 இடதுசாரிச் சாய்வுள்ளவை. மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்களை ஆதரிக்கும் அமைப்புகளுக்கு அமெரிக்கத் தனியாரிடமிருந்து வரும் பணத்தை இந்தச் சட்டம் தொடுவதே இல்லை. வரிப்பணத்துக்குக் கூடுதல் கணக்குக் கேட்பது நியாயம். ஆனால் ஒரு பக்கத்துப் பணத்துக்கு முத்திரை குத்திவிட்டு மறுபக்கத்தை விட்டுவிடுவதை வெளிப்படைத்தன்மை என்று ஏற்க முடியாது.

மேற்குக் கரையின் ரமல்லாவில் பதிவான பாலஸ்தீன அமைப்புகளுக்கு இந்தச் சட்டம் இல்லை. அவர்களைக் கட்டுப்படுத்துவது ஐரோப்பிய ஒன்றியத்தின் மானிய ஒப்பந்தம். ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் உள்ளவர்களுக்குப் பணம் போகக் கூடாது என்ற விதிக்குக் கையெழுத்திட மறுத்த பெத்லகேமின் பதீல் அமைப்பு, 2020இல் 17 லட்சம் யூரோ மானியத்தை இழந்தது.

வெளிநாட்டு அரசுகளின் நன்கொடைக்கு 80 சதவீத வரி விதிக்கும் மசோதா 2025 பிப்ரவரியில் கினெசெட்டின் தொடக்க வாசிப்பை, அதாவது முதல் கட்ட வாக்கெடுப்பை, தாண்டியது. அந்த விகிதத்தில், வரும் 100 யூரோவில் அமைப்பின் கையில் நிற்பது 20 மட்டுமே.